விலையின்றி இறக்கிய பாட்டும் நூலும்

காப்புரிமை உள்ள ஒரு நூலையோ பாடலையோ திரைப்படத்தையோ உரியவருக்குப் பணம் தராமல் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வது இன்று மிகச் சாதாரணமான செயல். ஓரளவு பெயர்பெற்ற தமிழ் நாவல் எதுவானாலும் அதன் பெயரோடு 'பிடிஎஃப்' என்று சேர்த்துத் தேடுவது வாசகர்கள் பலருக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் "பிடிஎஃப் இருக்கா?" என்று ஒருவர் கேட்டால், சற்று நேரத்தில் யாராவது அனுப்பிவிடுகிறார்கள். கேட்பவரும் தருபவரும் பெரும்பாலும் நல்ல வாசகர்கள். அடுத்தவர் வீட்டுப் பொருளில் கைவைக்க மனத்தாலும் நினைக்காதவர்கள். அவர்கள் செய்வது தவறா, தவறென்றால் எவ்வளவு தவறு என்பது எளிதில் விடை சொல்லிவிடக்கூடிய கேள்வி அல்ல. சட்டம் ஒரு விடை தருகிறது; அந்த விடையில் அறத்தின் பங்கு பாதிதான்.

கேள்வியை ஆராயத் தேனி மாவட்டம் பொருத்தமான களம். பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியில் வளர்ந்தவர் கவிஞர் வைரமுத்து. அவர் 1953-இல் பிறந்த மேட்டூர் என்னும் சிற்றூரை வைகை அணைக்காகக் காலி செய்ய வேண்டியிருந்ததால் குடும்பம் வடுகபட்டிக்கு வந்து சேர்ந்தது. அந்த இடப்பெயர்வின் துயரத்தைச் சொல்லும் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, நூலாகி, 2003-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. இதே மாவட்டத்தின் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் இளையராஜா. அல்லிநகரத்தில் பிறந்தவர் பாரதிராஜா. வைரமுத்துவின் முதல் திரைப்பாடல் இடம்பெற்ற 'நிழல்கள்' (1980) இந்த மூவரும் சேர்ந்த படம். சொல், இசை, காட்சி ஆகிய மூன்றும் ஒரே பள்ளத்தாக்கிலிருந்து புறப்பட்டுச் சென்றன. அவை கேட்பவரிடம் வந்து சேர்ந்த வழிகளில் பல, உரியவருக்கு விலை செலுத்தாத வழிகள்.

1980களில் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் ரெக்கார்டிங் சென்டர் இல்லாத கடைத்தெரு அரிது. விருப்பமான பாடல்களைத் தாளில் எழுதி, ஒரு காலி கேசட்டையும் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு மூன்று நாளில் இரு பக்கமும் நிரம்பிய கேசட் கிடைக்கும். கடைக்காரருக்குக் கூலி உண்டு. பாடலை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் அதில் ஒரு காசும் இல்லை. பின்னர் ஒரே வட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை அடக்கிய எம்பி3 சிடிக்கள் பேருந்து நிலையங்களில் விற்றன. அதற்கும் பிறகு, செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தந்தார்கள். இன்றைய பதிவிறக்கம் இந்தத் தொடர்ச்சியின் கடைசிக் கண்ணி. இடையில் இருந்த கடைக்காரர் மறைந்தார், பிரதி எடுக்கும் செலவும் மறைந்தது, ஒரு பிரதி ஒரு நாளில் லட்சம் பிரதி ஆகும் வேகம் வந்தது. அறக்கேள்வியைக் கடுமையாக்கியது இந்த வேகமே.

இதைத் திருட்டு என்று சொல்லலாமா என்பதிலிருந்தே வாதம் தொடங்குகிறது. வடுகபட்டியின் பூண்டுச் சந்தை பெயர்பெற்றது. கொடைக்கானல் மலைப்பூண்டும் வெளிமாநிலப் பூண்டும் அங்கே கைமாறுகின்றன. அங்கே ஒருவர் ஒரு மூட்டையைத் தூக்கிச் சென்றால் வியாபாரியிடம் ஒரு மூட்டை குறையும். ஒரு நாவலின் கோப்பைப் பிரதி எடுத்தால் எழுத்தாளரிடமிருந்து எதுவும் குறைவதில்லை. வாசகர் கையில் ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான். இந்த வேறுபாடு உண்மையானது. ஆகவே 'பதிவிறக்குவதும் பொருளைத் திருடுவதும் ஒன்று' என்னும் விளம்பர வாசகம் வாசகரை இணங்கவைப்பதில்லை. ஆனால் பொருள் குறையவில்லை என்பதனாலேயே தீங்கு இல்லை என்றும் ஆகிவிடாது. நாள் முழுக்க வேலை வாங்கிக்கொண்டு கூலி தராமல் அனுப்பினால் அந்தத் தொழிலாளியின் கையிலிருந்தும் எந்தப் பொருளும் பறிபோகவில்லை. பறிபோனது அவர் பெற்றிருக்க வேண்டியது. பதிவிறக்கத்தின் தீங்கும் இந்த வகையைச் சேர்ந்தது.

ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785-இல் அனுமதியின்றி நூல்களை மறுபதிப்பிடுவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நூல் என்பது அச்சிட்ட தாள் மட்டுமல்ல, ஆசிரியர் மக்களோடு பேசும் பேச்சு என்பது அவர் நிலைப்பாடு. பதிப்பாளர் ஆசிரியரின் பெயரால், ஆசிரியரின் இசைவோடு பேசுகிறார். திருட்டுப் பதிப்பாளர் இசைவு பெறாமல் அதே பெயரால் பேசுகிறார் என்று அவர் வாதிட்டார். தீங்கை இழப்புக் கணக்கில் தேடாமல், இசைவு இல்லாமையில் தேடியது இந்த வாதத்தின் வலிமை. தன் நூலின் மெய்ப்புப் பிழை மலிந்த, பக்கங்கள் விடுபட்ட ஒரு வருடல் பிரதி தன் பெயரில் உலவுவதைக் காணும் எழுத்தாளரின் மனவருத்தத்தை இது நன்றாக விளக்குகிறது. எந்த வடிவில், எப்போது, எந்த விலையில் தன் எழுத்து வெளியே செல்ல வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை எழுத்தாளருக்கு உண்டு. இலவசமாகத் தரவும் அவருக்கு உரிமை உண்டு. தமிழில் பலர் தம் நூல்களை அப்படித் தந்தும் இருக்கிறார்கள். அந்த முடிவை வேறொருவர் எடுத்துவிடுவதே குறை.

பொருளிழப்பையும் ஒதுக்கிவிட முடியாது. தமிழ் நூலொன்றுக்கு எழுத்தாளர் பெறும் ராயல்டி பொதுவாக விலையில் பத்து விழுக்காடு. அதுவும் ஒழுங்காகக் கணக்குக் காட்டும் பதிப்பகமாக இருந்தால்தான். ஒருகாலத்தில் ஒரு பதிப்பு ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகள் என்பது வழக்கம். இன்று தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்தபின் நூறு, இருநூறு பிரதிகளோடு பல நூல்கள் வெளிவருகின்றன. இருநூறு பிரதி விற்கும் கவிதைத் தொகுப்பின் பிடிஎஃப் இருநூறு பேருக்குப் போனால் அந்த நூலின் சந்தை முழுவதும் அங்கேயே முடிந்துவிடக்கூடும். பல பதிப்புகள் கண்ட நாவலுக்கு அது பெரிய அடி ஆகாது. பதிவிறக்குபவரின் மனத்தில் இருப்பது பெரும்பாலும் பெரிய பெயர்கள். அடி விழுவது சிறிய பெயர்கள் மீது.

ஒவ்வொரு இலவசப் பிரதியும் ஒரு விற்பனை இழப்பு என்னும் தயாரிப்பாளர் கணக்கும் நிற்காது. பணம் கேட்டிருந்தால் வாங்கியே இருக்க மாட்டார்கள் என்ற வகையினர் ஏராளம். ஐரோப்பிய ஆணையத்துக்காக எக்கோரிஸ் நிறுவனம் செய்து 2017-இல் வெளிச்சத்துக்கு வந்த ஆய்வு, இசை, நூல், விளையாட்டு ஆகியவற்றில் சட்டவிரோதப் பிரதியால் விற்பனை சரிகிறது என்பதற்கு உறுதியான புள்ளியியல் சான்று கிடைக்கவில்லை என்றது. புதிதாக வெளியாகும் பெரிய திரைப்படங்களில் மட்டும் இழப்பு தெளிவாகத் தெரிந்தது: பத்துப் பேர் திருட்டுத்தனமாகப் பார்த்தால் ஏறக்குறைய நான்கு முறையான பார்வைகள் குறைந்தன. முதல் வாரத்திலேயே வசூலின் பெரும்பகுதியை எடுத்தாக வேண்டிய திரைப்படத்துக்கும், பத்தாண்டுகள் மெல்ல விற்கும் நாவலுக்கும் இழப்பின் தன்மை ஒன்றல்ல என்பதே இதிலிருந்து கொள்ளத்தக்கது. ஐரோப்பிய வாசகர் கூட்டத்தை வைத்துச் செய்த கணக்கை, இருநூறு பிரதிச் சந்தைக்கு அப்படியே பொருத்தவும் கூடாது.

பிரதி எடுத்துப் பகிர்வது தமிழ் மரபில் இழிவாகக் கருதப்பட்டதில்லை. ஏட்டுச்சுவடிகளைப் படி எடுத்துக் கொடுத்தவர்களால்தான் சங்க நூல்களும் காப்பியங்களும் தப்பிப் பிழைத்தன. ஒரு படிதான் மிஞ்சியது, அதையும் கரையான் தின்றது என்று ஆன நூல்கள் இழந்தே போயின. பகிரும் வாசகரின் மனத்தில் இந்த மரபின் சாயல் இருக்கிறது. அதைக் குற்றமனம் என்று தள்ளிவிடுவது அநியாயம். ஆனால் அந்த மரபில் புலவருக்கு உரியது படி எடுப்பதற்கு முன்பே புரவலர் கையிலிருந்து வந்துவிட்டது. அச்சுக் காலம் வந்து புரவலர்கள் மெலிந்தபோது உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887-இல் பதிப்பிக்க, முன்பணம் தர இசைந்தோரிடம் கையொப்பம் வாங்கி அச்சுச் செலவைச் சமாளித்தார். புரவலர், கையொப்பக்காரர், நூல் வாங்குபவர் என்று தருபவர் மாறியிருக்கிறார். யாரோ ஒருவர் தரும் நிலை மட்டும் மாறவில்லை. பதிவிறக்கம்தான் யாருமே தராத ஏற்பாட்டை முதன்முறையாகப் பெருவழக்காக்கியது.

'காசு கொடுத்தாலும் அது கலைஞருக்கா போகிறது?' என்பது பதிவிறக்குவோர் சொல்லும் வலுவான நியாயம். திரைப்பாடல் விஷயத்தில் இதற்கு வரலாற்று ஆதாரமும் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்துப் படம் எடுப்பிக்கும் தயாரிப்பாளரே படத்தின் முதல் உரிமையாளர். அவர் பணம் கொடுத்து எழுதவைத்து இசையமைக்கவைத்த பாடலின் உரிமையும் அவரிடமே சேரும் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் இந்திய நிகழ்த்துரிமைச் சங்க வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், தீர்ப்போடு உடன்பட்டுக்கொண்டே தனிக் குறிப்பொன்றை எழுதி, கலைஞர்களின் நிலையைச் சீர்செய்ய நாடாளுமன்றம் முன்வர வேண்டும் என்றார். நாடாளுமன்றம் அதைச் செய்ய 35 ஆண்டுகள் ஆயின. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது தவிர்த்த பிற பயன்பாடுகளில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய ராயல்டிப் பங்கை ஒப்பந்தம் போட்டும் பறிக்க முடியாது. அந்தத் திருத்தத்துக்காக மாநிலங்களவையில் குரல்கொடுத்தவர் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர்.

தமிழில் இந்த உரிமைப் போராட்டத்தை நீதிமன்றத்தில் நெடுங்காலம் நடத்திவருபவர் இளையராஜா. எக்கோ உள்ளிட்ட இசை நிறுவனங்களுடனான வழக்கில் 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் தம் படைப்புகள் மீது அவருக்குள்ள சிறப்புத் தார்மீக உரிமையை ஏற்றது. மேல்முறையீடு 2024 ஏப்ரலில் விசாரணைக்கு வந்தபோது, வரிகள் இல்லாமல் பாடல் ஏது, பாடலாசிரியரும் உரிமை கோரினால் என்ன ஆகும் என்று நீதிபதிகள் கேட்டார்கள். சொல் பெரிதா இசை பெரிதா என்று அந்த நாட்களில் நடந்த பொதுவிவாதத்தில் வைரமுத்துவின் பெயரும் அடிபட்டது. ஒரே பள்ளத்தாக்கில் பிறந்த சொல்லும் இசையும் நீதிமன்றக் கேள்வியில் எதிரெதிரே நிறுத்தப்பட்ட இந்தத் தருணம், படைப்பில் யாருக்கு எவ்வளவு என்பது உள்ளேயே தீராத கணக்கு என்பதைக் காட்டியது. அந்தக் கணக்கு தீராமல் இருப்பதால், கணக்கில் வரவே வராத பதிவிறக்கம் நியாயமாகிவிடாது. தயாரிப்பாளர் பாடலாசிரியரின் பங்கை எடுத்துக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு என்றால், பதிவிறக்குபவரும் அதே பங்கைத்தான் எடுக்கிறார். முதலாமவரை நீதிமன்றத்துக்கு இழுக்கவாவது முடிகிறது.

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நூலுக்குக் காப்பு உண்டு. தெரிந்தே உரிமையை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் 63-ஆம் பிரிவில் உள்ளன. கணினி நிரல் தவிர்த்த படைப்புகளைச் சொந்தப் பயனுக்காகவும் ஆய்வுக்காகவும் நியாயமான அளவில் கையாளுவதை 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. முழுநூலை இறக்குவது அந்த நியாய அளவுக்குள் வருமென்று எளிதில் சொல்லிவிட முடியாது. 2016-இல் ஒரு திரைப்பட வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், திருட்டுப் பிரதியைப் பார்ப்பது மட்டுமே குற்றமாகாது; பரப்புவதும் வாடகைக்கு விடுவதும் பொதுவில் காட்டுவதுமே குற்றம் என்று தெளிவுபடுத்தியது. பதிவேற்றுபவர், பரப்புபவர், இறக்குபவர் என்ற வரிசையில் பழி இறங்கிக்கொண்டே வருவதை இது காட்டுகிறது.

தண்டனையின் அளவும் அறக்கேள்விதான். தமிழ்நாட்டில் 2004-இல் குண்டர் சட்டம் எனப்படும் 1982-ஆம் ஆண்டின் தடுப்புக்காவல் சட்டத்தில் திருட்டு வீடியோத் தொழில் செய்பவர்களும் சேர்க்கப்பட்டார்கள். விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை காவலில் வைக்க அது வழிசெய்கிறது. திருட்டு விசிடியை நடைபாதையில் விற்றவர் கைதானார். அதை வாங்கிக் குடும்பத்தோடு பார்த்தவருக்கு ஒன்றும் நேரவில்லை. சங்கிலியின் மிக ஏழ்மையான கண்ணியை விசாரணையின்றி அடைத்துவைத்து அந்தத் தொழிலை ஒழிக்க நினைத்தது தவறு. தொழிலும் ஒழியவில்லை, தமிழ் ராக்கர்ஸ் போன்ற தளங்களாக, விளம்பர வருவாயோடு, முகமில்லாத வடிவில் இணையத்துக்கு இடம்பெயர்ந்தது. பெயரில்லாத எதிர்த்தரப்புக்கு எதிராகப் பெறும் நீதிமன்றத் தடைகளும் சில சமயம் அளவு மீறின. 2012-இல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற தடையைக் காட்டி இணைய நிறுவனங்கள் விமியோ போன்ற முழுத் தளங்களையே முடக்கின. குறிப்பிட்ட இணைப்புகளுக்கு மட்டுமே தடை என்று நீதிமன்றம் பின்னர் விளக்க வேண்டியிருந்தது.

பணம் தர இயலாதவர் நிலை வேறு. கம்பம் பள்ளத்தாக்கின் ஒரு சிற்றூரில் முதுகலை படிக்கும் மாணவிக்கு வெளிநாட்டு ஆய்விதழின் ஒரு கட்டுரையின் விலை அவர் குடும்பத்தின் பல நாள் கூலியாக இருக்கும். அந்தக் கட்டுரையை எழுதியவருக்கு இதழ் நிறுவனம் ஒன்றும் தருவதில்லை; ஆய்வுக்குச் செலவிட்டது பெரும்பாலும் பொதுப்பணம். இங்கே விலையின்றி இறக்குவதால் படைப்பாளிக்கு இழப்பு இல்லை. பெரும்பாலான ஆய்வாளர்கள் தம் கட்டுரை படிக்கப்பட வேண்டும் என்றே விரும்புகிறார்கள். தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடப்பகுதிகளை நகலெடுத்துத் தந்த கடைமீது 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், கற்பித்தலுக்கான நகல் உரிமை மீறல் அல்ல என்று 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதி அமர்வும் கற்பித்தல் விலக்கை விரிவாகவே பொருள்கொண்டது. அடுத்த ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூலை மாற்றித் தருவதற்கும் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்கு அளிக்கிறது. ஆகவே எல்லா இலவசப் பிரதியையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது அறிவுடைமை ஆகாது. மாணவியின் ஆய்வுக் கட்டுரையும், சம்பளக்காரர் ஒருவர் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டின் விலைக்குக் கிடைக்கும் நாவலை இறக்குவதும் வேறுவேறு செயல்கள்.

அச்சில் இல்லாத நூல்கள் மூன்றாவது வகை. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் வந்து, மறுபதிப்பு காணாமல், வாரிசு யாரென்றே தெரியாமல் கிடக்கும் தமிழ் நூல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. உரிமையாளரைக் கண்டுபிடிக்க இயலாதபோது உரிமம் பெறச் சட்டத்தில் 31அ என்னும் பிரிவு வழிசெய்தாலும், ஒரு சிறு பதிப்பாளரோ ஆர்வலரோ அந்த வழியில் நடப்பது கடினம். இத்தகைய நூலை வருடி இணையத்தில் வைப்பவர் சட்டத்தின் கண்ணில் மீறுபவர். மொழியின் கண்ணில் ஏடு காத்தவர். இதிலும் அனுமதி தேடும் உழைப்பு வேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரிகள் உள்ளன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் உரிமை முடிந்தவற்றையும் இசைவு பெற்றவற்றையும் மின்பதிப்பாக்கியது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதன் வடுவைச் சுமக்கும் ஈழத்தமிழர் 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம், எழுத்தாளர்களிடமும் குடும்பங்களிடமும் அனுமதி கேட்டே பெருந்தொகுப்பை வளர்த்திருக்கிறது. கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது என்பதே இவற்றின் அனுபவம். கேட்காமல் எடுப்பதற்கு நேரமின்மை தவிர வேறு காரணம் குறைவு.

வாசகருக்கு இலவசம், படைப்பாளிக்கு ஈடு என்ற இரண்டையும் சேர்த்துத் தரும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு தனக்கே உரிய முறையில் கண்டுபிடித்தது. பாரதியார் பாடல்களின் உரிமை தனியார் கைகளில் மாறி, திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தபோது, மக்களிடம் எழுந்த கோரிக்கையை ஏற்று 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு அதைப் பெற்றது. பின்னர் அது பொதுவுடைமை ஆனது. அதன் தொடர்ச்சியாக நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகள், வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை அளித்து, நாட்டுடைமை ஆக்கப்பட்டன. கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானபின் 'பொன்னியின் செல்வன்' பல பதிப்பகங்களில் மலிவு விலையில் கிடைக்கிறது. இணையத்தில் இலவசமாகவும் படிக்கலாம். அதை இறக்குவதில் எந்தத் தவறும் இல்லை. வைகை அணைக்காக நிலத்தை இழந்தவர்களின் கதையைச் சொன்ன நாவலாசிரியரின் மண்ணில் இந்த வேறுபாடு கூர்மையாகவே புரியும்: பொதுநன்மைக்காக ஒருவருடையதை எடுக்கலாம், ஆனால் பறிகொடுப்பவருக்கு ஈடு தந்துவிட்டு எடுக்க வேண்டும்.

நாட்டுடைமையின் குறை, அது பெரும்பாலும் எழுத்தாளர் இறந்தபின் வருவது. உயிரோடு எழுதிக்கொண்டிருப்பவருக்கும் விலை கொடுக்க இயலாத வாசகருக்கும் இடையே பாலமாக இருக்க வேண்டியது பொதுநூலகம். 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுநூலகச் சட்டம், நூலகவியல் அறிஞர் சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதனின் உழைப்பில் பிறந்து, சொத்துவரியோடு நூலக வரியையும் வசூலிக்க வகைசெய்தது. சொத்துவரி கட்டும் ஒவ்வொருவரும் அதன்வழி ஏற்கெனவே நூலுக்குப் பணம் கட்டியவரே. ஆனால் நூலகங்களுக்காக அரசு நூல் வாங்கும் 'லைப்ரரி ஆர்டர்' சில ஆண்டுகள் வராமலே போகிறது. வந்தாலும் கிளை நூலகத்துக்குப் புதிய நாவல் சேரக் காலம் பிடிக்கிறது. அந்த இடைவெளியில்தான் பிடிஎஃப் நுழைகிறது. டென்மார்க் 1946-இலேயே, பிரிட்டன் 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், நூலகத்தில் நூல் இரவல் போவதற்கு எழுத்தாளருக்கு அரசே தொகை தரும் இரவல் உரிமையை ஏற்படுத்தின. இந்தியாவில் அப்படி ஒரு உரிமை இல்லை. நூலக வரியில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கி, தமிழ் மின்நூல்களை நூலக உறுப்பினர் அட்டையின் பேரில் செல்போனில் இரவல் தரும் ஏற்பாடு வந்தால், வடுகபட்டி வாசகர் ஒரு புதிய நாவலைக் காசில்லாமல் படிப்பதும், அதை எழுதியவர் அதற்குரிய தொகையைப் பெறுவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.